தற்காலிகம் என்றால் எத்தனை வருடம்?

கேள்வி: ஐயா, அரசாங்கம் பேசும்போது மட்டும் நமக்குத் தெரிந்த சொற்கள் வேறு பொருள் தருகின்றனவே. அகராதியை யார் மாற்றுகிறார்கள்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: அகராதியை யாரும் தொடுவதில்லை, தம்பி. அது அலுமாரியில் தூசி படிந்து பத்திரமாக இருக்கிறது. மாற்றம் நடப்பது வர்த்தமானியில்.

முப்பது வருடம் பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்தேன். எழுத்துப்பிழை இல்லாமலே என்னை உறுத்திய சொல் 'தற்காலிக'. 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரிலேயே அடைப்புக்குறிக்குள் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று இருந்தது. ஆயுள் 3 வருடம் என்றார்கள். 1982 இல் அந்த வரம்பை நீக்கினார்கள், அடைப்புக்குறியை நீக்கவில்லை. 2022 இல் தடுப்புக்காவலின் உச்சக் காலத்தை 18 மாதத்திலிருந்து 12 ஆகக் குறைத்துத் திருத்தியபோதும் 'தற்காலிக' அசையவில்லை. கூரை ஒழுக்குக்கு வைத்த தகரம்கூட அத்தனை காலம் தாங்காது.

2017 இல் புதிய அரசியலமைப்புக்கான இடைக்கால அறிக்கை வந்தது. நாடு எப்படிப்பட்டது என்று சொல்லச் சிங்களத்தில் 'ஏக்கிய இராஜ்ஜிய', தமிழில் 'ஒருமித்த நாடு'. முன்னதை ஒற்றையாட்சி என்று படித்தவர்களும் இருந்தார்கள், பின்னதில் கூட்டாட்சியின் வாசனை பிடித்தவர்களும் இருந்தார்கள். ஒரே வரியில் இருசாராரையும் வீட்டுக்கு அனுப்பிய கெட்டித்தனம் அது. (மொழிபெயர்ப்பாளரைப் பாராட்டத்தான் வேண்டும்.)

2007 ஜூன் 7 ஆம் திகதி, கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பினார்கள். தாங்களே விரும்பிப் போனார்கள் என்றது அரச தரப்பு. விருப்பத்துக்கு விடியற்காலையில் கதவைத் தட்டவேண்டி வந்தது ஏனோ. மறுநாள் உயர் நீதிமன்றம் குறுக்கிட்டுத் தடுத்தது.

அந்த நாட்களில் யாழ்ப்பாணத்திலிருந்து என் தங்கை வந்திருந்தாள். விருந்தாளியைப் பொலிஸில் பதியவேண்டியிருந்தது. படிவத்தில் 'தங்குவதற்கான காரணம்' என்ற இடத்தில் 'அண்ணன் வீடு' என்று எழுதினேன். அது காரணமாகாது என்றார் மேசைக்கு அப்பால் இருந்தவர். வெட்டிவிட்டுக் 'கண் வைத்தியம்' என்று எழுதினேன். உடனே முத்திரை விழுந்தது. தங்கைக்குக் கண்ணில் ஒரு குறையும் இருக்கவில்லை.