டெங்கி ரேபிட் டெஸ்ட் பெட்டியில் "98% துல்லியம்" என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் கிளினிக்கிலேயே அதைச் சரிபார்க்க முடியுமா?

முடியும். முதலில் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்து, அந்த 98% யாரை வைத்து வந்தது என்று பாருங்கள். பல கிட்களில் "நோய் இல்லாதவர்கள்" என்பது நலமாக இருக்கும் ரத்த தானக்காரர்கள். அவர்கள் உங்களிடம் காய்ச்சல் என்று வரப்போவதில்லை. வருகிறவருக்கு டெங்கி இல்லையென்றால் சிக்குன்குன்யா, கொவிட், டைபாய்டு என்று வேறொன்று இருக்கும். உங்கள் நெகட்டிவ் மாதிரிகள் அவர்களிடமிருந்துதான் வர வேண்டும். 2016ல் சிங்கப்பூரின் அல்ஜுனிட் பக்கம் பரவிய ஸிக்காவை நினைவிருக்கிறதா? டெங்கி ஐஜிஎம் (தொற்றுக்குப் பின் உடல் உருவாக்கும் ஆன்டிபாடி) கோட்டை அதுவும் வரவழைத்துவிடும்.

அடுத்தது நாள் கணக்கு. பெரும்பாலான சொதப்பல் இங்கேதான். கிட் தேடும் என்எஸ்1 என்ற டெங்கி வைரஸ் புரதம் காய்ச்சலின் முதல் சில நாட்களில் ரத்தத்தில் நிறைய இருக்கும், பிறகு குறையும். சிறுவயதில் ஊரில் ஒருமுறை டெங்கி வந்துபோனவருக்கு இது இரண்டாவது தொற்று. பழைய ஆன்டிபாடி சீக்கிரமே எழும்பி என்எஸ்1ஐப் பிடித்துக்கொள்ளும், கோடு விழாது. ஆகவே ஒவ்வொருவருக்கும் காய்ச்சல் தொடங்கிய நாளைக் கேட்டு எழுதி, 1-3, 4-5, 6க்கு மேல் என்று தனித்தனியாகக் கணக்கிடுங்கள். மொத்தமாகக் கூட்டி ஒரே சதவீதம் போட்டால், பலவீனம் எங்கே என்று தெரியாமலே போய்விடும்.

ஒப்பிட இன்னொரு ரேபிட் கிட்டை எடுக்காதீர்கள். இரண்டும் ஒரே மாதிரியில் ஒரே காரணத்தால் தவறும், ஒத்துப்போவதுபோலத் தோன்றும். முதல் 5 நாட்களுக்குள் என்றால் ஆர்டி-பிசிஆர் (வைரஸின் மரபணுவையே தேடும் ஆய்வகச் சோதனை). அதோடு 10-14 நாள் கழித்து இரண்டாவது ரத்தம் எடுத்து ஆன்டிபாடி ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் நல்லது.

எத்தனை பேர் வேண்டும்? 30 டெங்கி நோயாளிகளில் 30 பேரையும் கிட் பிடித்தாலும், அதன் உண்மைத் திறன் 88% ஆகக்கூட இருக்கலாம். 100ல் 90 என்றால் சுமார் 83 முதல் 95 வரை. சிங்கப்பூரில் 2020ல் 35,000க்கும் மேல் டெங்கி, அடுத்த ஆண்டு 5,000 சொச்சம். மந்தமான ஆண்டில் ஒரு கிளினிக்கால் இத்தனை பேரைச் சேர்க்க முடியாது; நாலைந்து கிளினிக்குகள் சேர வேண்டும்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை:

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பையை உடனே கிழிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரட்டும். இல்லையென்றால் நம் ஈரக் காற்றில் ஸ்ட்ரிப் வியர்த்துவிடும். என்எஸ்1க்கு 100 மைக்ரோலிட்டர், அதாவது சுமார் 3 சொட்டு கேட்கும் கிட்கள் உண்டு. விரல் நுனியைப் பிழிந்து பிழிந்து எடுத்தால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும். தாளில் இருக்கும் எண் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில்) வந்தது, நீங்கள் விரல் ரத்தத்தில் செய்கிறீர்கள் என்றால் அந்த எண் உங்களுக்குப் பொருந்தாது.

15-20 நிமிடத்தில் படிக்கச் சொன்னால் அப்போதே படிக்க வேண்டும். அரை மணி கழித்து எட்டிப்பார்க்கும் மங்கல் கோடு கணக்கில் சேராது. பிசிஆர் முடிவு தெரியாத இருவர் தனித்தனியாகப் படிக்கட்டும். கோடு மங்கலாக இருக்கும்போது இருவரும் எத்தனை முறை முரண்படுகிறார்கள் என்பதும் ஒரு முடிவுதான். கன்ட்ரோல் கோடு (சோதனை ஒழுங்காக ஓடியதைக் காட்டும் கோடு) வராத கேசட்டைத் தூக்கிப்போட்டாலும் எண்ணிக்கையில் வையுங்கள்.

கடைசியாக, இந்தக் கணக்கு. கிட் டெங்கியில் 80% பிடிக்கிறது, டெங்கி இல்லாதவரில் 98% சரியாக விடுகிறது என்று வைப்போம். காய்ச்சலோடு வரும் 1,000 பேரில் 100 பேருக்கு டெங்கி என்றால் 80 சரியான பாசிட்டிவ், 18 தவறானவை. 20 பேருக்குத்தான் டெங்கி என்றால் 16 சரி, 20 தவறு. அதே கிட்தான், பாதிக்கு மேல் பொய்! எனவே டெங்கி குறைந்த மாதத்தில் பாசிட்டிவையும், நான்காம் நாளுக்குப் பிறகு வரும் என்எஸ்1 நெகட்டிவையும், பிளேட்லெட், ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) பார்க்காமல் அப்படியே நம்பி ஆளை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.