ஞாயிறு குடித்த ஜூஸ், வியாழன் வந்த காமாலை

கேள்வி: திருச்சியில் வசிக்கிறோம். என் மகளுக்கு 14 வயது. வாராவாரம் டியூஷன் முடிந்து ஒரு ஜூஸ் கடையில்தான் குடிப்பாள். மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு அங்கே ஐஸ் போட்ட சாத்துக்குடி ஜூஸ் குடித்தாள். வியாழனன்று கண் மஞ்சளாகிவிட்டது. மூன்று நாள் கீழாநெல்லி கொடுத்தும் கேட்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஹெபடைட்டிஸ் ஏ என்றார்கள். ஆறு நாள் இருந்தாள், 64,000 ரூபாய் செலவு. கடையில் போய்க் கேட்டால், "தினமும் நூறு பேர் குடிக்கிறாங்க, உங்க பொண்ணுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?" என்று எல்லோர் முன்னாலும் கேவலமாகப் பேசினார். ஐஸ் பாரைச் சாக்கில் சுற்றித் தரையில் இழுத்து வருவதை வீடியோ எடுத்திருக்கிறேன். என் புகாரின்பேரில் உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஐஸ் மாதிரி எடுத்து, 'பாதுகாப்பற்றது' என்று அறிக்கையும் வந்துவிட்டது. 'பத்து நாளில் ஐந்து லட்சம் தராவிட்டால் வீடியோ யூடியூபில் வரும்' என்று கடைக்காரருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். அதற்குள் அண்ணன் மகன், 'இங்கே குடித்தால் காமாலை நிச்சயம்' என்று எழுதி இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டான். இப்போது அவர் என் மேல் போலீஸில் புகார் கொடுத்திருக்கிறார். பத்து லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: கடைக்காரர் பேசிய பேச்சையும் நூறு பேர் கணக்கையும் விடுங்கள், அதற்கெல்லாம் காசு கிடைக்காது. ஞாயிறுக்கும் வியாழனுக்கும் இடையில் நான்கு நாள். ஹெபடைட்டிஸ் ஏ கிருமி உள்ளே போய் நோயாக வெளியே தெரிய 15 முதல் 50 நாள் ஆகும், சராசரியாக நான்கு வாரம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜூஸால் உங்கள் மகளுக்குக் காமாலை வந்திருக்க முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு டாக்டரிடம் பிரமாணப் பத்திரம் வாங்கித் தாக்கல் செய்தால், உங்கள் மனு அன்றைக்கே முடிந்தது.

ஐஸ் அறிக்கையைப் பெரிய துருப்புச்சீட்டாக நினைக்கிறீர்கள். மகள் வீடு திரும்பிய பிறகு எடுத்த மாதிரி அது. அன்றைக்கு அந்தக் கடை ஐஸ் மோசம் என்று சொல்லும், அதற்கு மேல் சொல்லாது. துறை தொடுக்கும் வழக்கில் விதிக்கும் அபராதமும் அரசுக்குத்தான் போகும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரச் சொல்லும் 65-வது பிரிவு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் உயிரிழப்பு இல்லாத வழக்கில் கொடுங்காயத்துக்கே உச்சவரம்பு மூன்று லட்சம், மற்றவற்றுக்கு ஒரு லட்சம். அதற்கும், அந்த உணவால்தான் பாதிப்பு என்று காட்டியாக வேண்டும். பத்து லட்சம் என்பது கோபத்தில் வந்த கணக்கு.

உங்களைக் காப்பாற்றக்கூடிய வரி, கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய 'வாராவாரம்'. அந்த 15 முதல் 50 நாளுக்குள் விழுகிற முந்தைய வாரங்களின் ஜூஸால் வந்திருக்கலாம் அல்லவா? ஜிபேயில் பணம் கட்டியிருந்தால் அந்த ஞாயிறுக்கு முந்தைய இரண்டு மாதக் கணக்கை எடுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அப்போதும் பள்ளிக்கூடத் தண்ணீர், பானிபூரி, தெருக் குழாய் எல்லாவற்றையும் எதிர்த்தரப்பு இழுக்கும். கீழாநெல்லி கொடுத்த மூன்று நாளையும் சும்மா விடமாட்டார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'நான்கு நாள் முன்பு ஜூஸ்' என்று இருந்தால் அப்படியே இருக்கட்டும். என்னிடம் வந்த ஒருவர் டாக்டரைக் கெஞ்சித் தேதியை மாற்றி எழுதி வாங்கினார். ஆஸ்பத்திரி ஃபைலில் பழைய தேதி இருந்தது. அவர் சொன்ன உண்மையைக்கூட அப்புறம் யாரும் நம்பவில்லை.

சரி, இப்போது உங்கள் வாட்ஸ்அப்புக்கு வருவோம். எனக்கு வழக்கைவிட அதுதான் கவலை. பணம் கொடு, இல்லாவிட்டால் உன் பெயரைக் கெடுப்பேன் என்று எழுதினால் சட்டத்தில் அதற்குப் பெயர் மிரட்டிப் பணம் பறித்தல். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-வது பிரிவு. பணம் கைக்கு வரவில்லையே என்று தப்பிக்க முடியாது, அதற்காக அச்சுறுத்தினாலே இரண்டு ஆண்டு வரை தண்டனை உண்டு. உங்களுக்கு நியாயம் இருந்தாலும் ஸ்கிரீன்ஷாட்டில் அந்த நியாயம் தெரியாது. 'ஐந்து லட்சம்', 'பத்து நாள்', 'யூடியூப்' மூன்றும்தான் தெரியும். புகார்தாரராக ஸ்டேஷன் படியேறி, குற்றம் சாட்டப்பட்டவராக என் ஆபீஸுக்கு வந்தவர்கள் பலர். எல்லோரும் சொன்னது ஒன்றேதான்: "கோபத்துல அனுப்பிட்டேன் சார்." இதையே மருத்துவமனை பில்களை இணைத்து வக்கீல் நோட்டீஸாக அனுப்பியிருந்தால் ஒருவரும் உங்கள் மேல் கைவைக்க முடியாது.

இன்ஸ்டாகிராம் பதிவும் அதே ரகம்தான். ஐஸ் பார் தரையில் வந்தது என்று எழுதினால் வீடியோ இருக்கிறது. 'காமாலை நிச்சயம்' என்று எழுதினால், நாளைக்கு அவதூறு வழக்கில் அதை மெய்ப்பிக்க வேண்டியது உங்கள் தரப்புதான். எந்தத் தேதியை வைத்து மெய்ப்பிப்பீர்கள்?

சமாதானமாகப் போங்கள். ஸ்காட்லாந்தில் 1928-இல் ஜிஞ்சர் பீர் பாட்டிலில் நத்தை இருந்ததாகத் தொடுத்த வழக்கை எல்லாச் சட்டக் கல்லூரியிலும் படிக்கிறோம். அன்றைய பிரிட்டனின் உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை வரை போய், 1932-இல் அங்கே தீர்ப்பு வந்தது. கடைசியில் பாட்டிலில் நத்தை இருந்ததா என்று நிரூபிக்காமலே சமரசத்தில்தான் முடிந்தது. உங்கள் கையிலும் ஓர் ஐஸ் அறிக்கை இருக்கிறது, கடைக்காரருக்கும் துறை வழக்குப் பயம் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவும் அதற்கு மேல் கொஞ்சமும் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வக்கீல்கள் மூலம் பேசி, எழுத்தில், வங்கி வழியாக.

ஆனால் ஸ்டேஷனில் வைத்து, 'தவறான தகவலின்பேரில் புகார் கொடுத்தேன்' என்று ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஒரு வரி உங்கள் மேலுள்ள புகாருக்கு அவர்கள் தேடும் சாட்சி. உணவுப் பாதுகாப்புத் துறையில் கொடுத்த புகாரை வாபஸ் வாங்குகிறேன் என்றும் எழுதித் தராதீர்கள், வழக்குப் போடுவதும் விடுவதும் துறையின் வேலை.

ஒத்துவராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடக் கெடு இருக்கிறது, அவசரமில்லை. அண்ணன் மகனிடம் மட்டும் இன்றைக்கே பேசிப் பதிவை எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பை அழிக்க வேண்டாம். கடைக்காரர் போனில் அது பத்திரமாக இருக்கிறது, அழித்தால் மறைத்தீர்கள் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். போலீஸ் கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள்.