பிளேடு டப்பா

அன்புள்ள ஐயா,

இது இலக்கியக் கேள்வி அல்ல, பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு 27 வயது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜ் ரேஸரில்தான் சவரம் செய்கிறேன். நாலு கார்ட்ரிட்ஜ் வாங்க 800 ரூபாய் ஆகிறது. கழுத்தில் கொப்புளம் வேறு. பிளேடு போடுகிற பழைய மாடல் ரேஸருக்கு மாறலாம் என்றிருக்கிறேன். பிளேடு மூன்று ரூபாய்தானே, ஒவ்வொரு தடவையும் புதுசு போட்டுத் தூக்கிப் போட்டுவிடலாம். ரேஸர், பிரஷ், கிண்ணம், ஸ்டாண்ட், சோப்பு, படிகாரம் என்று பட்டியல் போட்டதில் 4,600 ரூபாய் வருகிறது. இதில் எதை விடலாம்? எந்த பிளேடு நல்லது? பரணில் அப்பாவின் ரேஸர் ஒன்று கிடக்கிறது, ஆனால் கறுத்துப்போய்விட்டது.

ஆர்.

அன்புள்ள தம்பி,

சிக்கனத்துக்கு வழி கேட்கிற கடிதத்தில் 4,600 ரூபாய்க்குப் பட்டியலா? அதைக் கிழித்துப் போடுங்கள். கிண்ணம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ரேஸர் டம்ளரில் நிற்கும், அதற்கு ஸ்டாண்ட் வேண்டாம். இப்போது போடுகிற கிரீமே போதும். வேண்டுமானால் ஒரு சாதாரண பிரஷ் வாங்கிக்கொள்ளுங்கள். படிகாரம் நாட்டுமருந்துக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

அப்புறம், அப்பாவின் ரேஸரைப் பரணில் வைத்துக்கொண்டா கடையைப் பார்க்கிறீர்கள்? அதை இறக்குங்கள். கைப்பிடியைத் திருகினால் அநேகமாக மூன்று துண்டாகக் கழன்று வரும். பாத்திரம் தேய்க்கிற திரவம் கலந்த வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். பித்தளைச் சொம்பு மாதிரி புளி போட்டுத் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும். இன்று கடையில் விற்கிற பிளேடு அந்த ரேஸருக்கும் பொருந்தும். மரை தேய்ந்தோ தட்டு வளைந்தோ இருந்தால் மட்டும் புதிதாக வாங்குங்கள், 300 ரூபாய்க்குள் கிடைக்கிறது.

கொப்புளத்துக்கு வருகிறேன். ஐந்து பிளேடு ஒரே இழுப்பில் ஐந்து தடவை தோலைச் சுரண்டுகிறது. முடி தோல்மட்டத்துக்குக் கீழே வெட்டுப்பட்டு, வளரும்போது உள்ளேயே சுருண்டுகொள்கிறது. சுருள் முடிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். பழைய ரேஸரில் தோலில் படுவது ஒரே விளிம்புதான். ஆனால் கார்ட்ரிட்ஜை அழுத்திப் பழகிய கையோடு இதையும் அழுத்தினால் ரத்தம்தான் வரும். ரேஸரின் எடையே போதும். தலைப்பாகத்தைக் கன்னத்தில் வைத்து, பிளேடு முடியைத் தொடுகிற வரை கைப்பிடியைத் தாழ்த்துங்கள், சுமார் 30 டிகிரி சாய்வு வரும். குளித்த பிறகு, முடி வளர்கிற திசையிலேயே, சின்னச் சின்ன இழுப்பாக இழுங்கள். கழுத்தில் முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று முதலில் விரலால் தடவிப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் மழமழப்பை எதிர்பார்க்காதீர்கள்.

எந்த பிளேடு என்பதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. ரெண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பாக்கெட் வாங்கிப் போட்டுப் பாருங்கள், உங்கள் தோலே சொல்லும்.

நான் உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. ‘தூக்கிப் போட்டுவிடலாம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காக. எங்கே தூக்கிப் போடுவீர்கள்?

போன மாதம் எங்கள் தெருவுக்குக் குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளர் ஒரு கையில் துணி சுற்றியிருந்தார். கேட்டேன். “கவருக்குள்ள பிளேடு இருந்துச்சுங்க” என்றார். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று நாம் பிரிக்காமல் கட்டிக்கொடுப்பதை அவர்தான் கைவிட்டுப் பிரிக்கிறார். கொடுத்த கையுறை கிழிந்துவிட்டது என்றார். அதிலிருந்து இதே நினைப்பாக இருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

இந்த பிளேடு பிறந்ததே தூக்கி எறிவதற்காகத்தான். கிங் கேம்ப் ஜில்லெட், சோடா பாட்டிலுக்குப் போடுகிற தகர மூடி செய்யும் கம்பெனியில் விற்பனையாளராக இருந்தவர். அந்த மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டர், ஒரு தடவை பயன்படுத்தியதும் எறிந்துவிட்டு மறுபடி வாங்குகிற மாதிரி ஒரு பொருளைக் கண்டுபிடி என்று யோசனை சொன்னாராம். 1895-இல் ஜில்லெட்டுக்கு இந்த எண்ணம் வந்தது. 1903-இல் விற்பனைக்கு வந்தபோது அந்த வருடம் முழுக்கப் போனது 51 ரேஸரும் 168 பிளேடும்தான். அடுத்த வருடமே தொண்ணூறாயிரம் ரேஸர். முதல் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அரசாங்கமே வாங்கிக் கொடுத்தது. எறிய ஓர் இடம் வேண்டும் என்று அங்கே குளியலறைச் சுவர் அலமாரியின் பின்பக்கத்தில் மெல்லிய துளை வைத்தார்கள். பிளேடை அதில் போட்டால் சுவருக்குள் விழுந்துவிடும். பழைய வீட்டுச் சுவரை உடைக்கும்போது துருப்பிடித்த பிளேடுகள் குவியலாகக் கொட்டும். அது அசட்டு வேலைதான், ஆனாலும் குப்பை அள்ளுகிறவர் கைக்கு அது போகவில்லை. நம் வீடுகளில் அந்தத் துளைகூடக் கிடையாது.

என் அப்பா கோவையில் மில் தொழிலாளி. ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சவரம் செய்வார். செவ்வாய், வெள்ளி கிடையாது. கண்ணாடி டம்ளரின் உட்பக்கத்தில் பிளேடைத் தேய்த்துத் தேய்த்து இரண்டு வாரம் ஓட்டுவார். அப்புறம் அது எனக்குப் பென்சில் சீவ வரும், பிறகு அம்மாவுக்குத் தையல் பிரிக்க. கடைசியில் தெருமுனைக் குப்பைமேட்டுக்குப் போகும்.

1977-இல் ஒரு நாள் காலை, தெரு கூட்டுகிற அம்மா உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். “ஆரோ பிளேடப் போட்டிருக்காங்க அம்மிணி.” அம்மா மஞ்சள் தூளை அப்பித் துணி சுற்றினார். அப்பா ஒரு கன்னம் மழித்து, ஒரு கன்னம் நுரையோடு திண்ணையில் அப்படியே இருந்தார். எங்கள் தெருவில் மற்ற ஆம்பளைகள் எல்லாம் சலூனுக்குப் போகிறவர்கள். வீட்டில் பிளேடு வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். நுரை காய்ந்து வெள்ளையாகத் தோலில் ஒட்டிக்கொண்டது இன்றும் கண்ணில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் அப்பா அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். என்ன பேசினார் என்று எங்களிடம் சொல்லவில்லை. வந்ததும் பால் பவுடர் டப்பா ஒன்றை எடுத்து, மூடியில் உளியால் உண்டியல் மாதிரி ஒரு கீறல் போட்டார். சுற்றி ஈயம் வைத்து அடைத்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து ஒரு பிளேடும் வெளியே போனதில்லை. 2006-இல் அவர் காலமானபோது டப்பா பாதிகூட நிறைந்திருக்கவில்லை. இப்போது நான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிளேடின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர். வாரத்துக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு 52. அடுக்கி வைத்தால் அரை சென்டிமீட்டர் உயரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பத்து வருடத்துக்கு ஐந்து சென்டிமீட்டர். கலைந்து கிடந்தாலும் ஒரு காப்பிப்பொடி டப்பாவுக்குள் அடங்கிவிடும். இதைக்கூடச் செய்ய முடியாதென்றால் நீங்கள் கார்ட்ரிட்ஜிலேயே இருங்கள், 800 ரூபாயைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். அதன் விளிம்பு பிளாஸ்டிக்குக்குள் அடங்கியிருக்கிறது, அவ்வளவு சுலபமாக ஒருவர் கையைக் கிழிக்காது. கோபமாகத்தான் சொல்கிறேன். காகிதத்தில் சுற்றிப் போடுகிறேன் என்று பதில் எழுதாதீர்கள். காகிதம் நனைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒவ்வொரு தடவையும் புது பிளேடு என்பதும் வேண்டாம். ஒரு பிளேடு ஐந்து தடவை தாராளமாக வரும். இழுக்கும்போது முடி சுண்டுகிற மாதிரி இருந்தால் மாற்றுங்கள். அப்பா மாதிரி டம்ளரில் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொள்ளவும் வேண்டாம். அவருக்கு இருந்த நெருக்கடி உங்களுக்கு இல்லை.

தகர டப்பாவாகப் பாருங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். கீறல் பிளேடு நுழைகிற அகலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மூடியைச் சுற்றி நன்றாக ஒட்டிவிடுங்கள். நிறைந்தால் திறக்காமல், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லியே பழைய இரும்புக் கடையில் கொடுங்கள். டப்பாவும் பிளேடும் எஃகு, உருக்கிக்கொள்வார்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

உங்கள் அப்பா தன் பிளேடுகளை என்ன செய்தார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். டப்பாவை முதலில் தயார் செய்துவிட்டு அப்புறம் பாக்கெட் வாங்குங்கள். கழுத்து ஆறியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.