நீதிபதியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?

பிரிவு வழக்கில் 8 வயது மகனிடம் நீதிபதி தனியாகப் பேசப்போகிறார், என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். நான் சொல்லிக்கொடுத்தவன், அதனால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

உங்கள் வக்கீல் "பையனைக் கொஞ்சம் தயார் பண்ணி வைங்க" என்று சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். என் வக்கீல் அப்படிக்கூடச் சொல்லவில்லை. நானாகவே செய்தேன். அப்போது என் மகளுக்கு 9 வயது. அம்மாவோடு இருந்தாள், சனிக்கிழமைகளில் என்னிடம் வருவாள். நீதிபதி பார்க்கப்போகிறார் என்று தெரிந்ததும் இரண்டு சனிக்கிழமைகளை அதற்காகவே செலவழித்தேன். யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்டால் இதைச் சொல், அம்மா திட்டுவாளா என்று கேட்டால் இதைச் சொல் என்று பாடம் மாதிரி ஒப்பிக்க வைத்தேன். பொய் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மா கோபப்படுவது உண்மை, அதைத்தானே சொல்லச் சொல்கிறோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அறைக்குள் நடந்தது நீதிமன்ற ஆலோசகரின் அறிக்கை வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நீதிபதி முதலில் பள்ளிக்கூடம், படம் வரைவது என்று பேசியிருக்கிறார். நடுவில் இவளாகவே, "அம்மா எனக்கு மன உளைச்சல் தர்றாங்க" என்று சொல்லியிருக்கிறாள். "மன உளைச்சல்னா என்னம்மா?" என்று அவர் கேட்டிருக்கிறார். "அப்பாகிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றிருக்கிறாள்.

குழந்தை பெரியவர்களின் சொற்களைத் திருப்பிச் சொல்கிறாள் என்று அறிக்கையில் எழுதிவிட்டார்கள். அதற்கப்புறம் என் தரப்பில் இருந்த நியாயமான விஷயங்களும் எடுபடவில்லை. இடைக்கால உத்தரவில் மகள் அம்மாவோடுதான் இருக்க வேண்டும் என்றும், நான் மாதம் இரண்டு முறை, அதுவும் வேறொருவர் மேற்பார்வையில்தான் பார்க்கலாம் என்றும் வந்தது. ஏழு மாதம் அப்படித்தான் பார்த்தேன்.

மனைவியைக் குறை சொல்ல வந்திருக்கிறான் என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அவள் நல்ல தாய். அன்றைக்கும் எனக்கு அது தெரியும். தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் செய்தேன், அவ்வளவுதான். நான் வக்கீலும் இல்லை. உங்கள் நாட்டுச் சட்டத்தை உங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றை நான் தாமதமாகத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1989-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 12-வது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. வயதையும் முதிர்ச்சியையும் பார்த்து அந்தக் கருத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். கருத்துச் சொல்வதுதான் குழந்தையின் உரிமை, யாரோடு இருப்பது என்று தீர்ப்புச் சொல்லும் பாரம் அதன் தலையில் இல்லை. நான் அந்தப் பாரத்தைத்தான் என் பிள்ளை மேல் ஏற்றினேன். அதே உடன்படிக்கையின் 9-வது பிரிவு, பிரிந்த பெற்றோர் இருவரோடும் தொடர்பில் இருப்பதைக் குழந்தையின் உரிமையாகச் சொல்கிறது. குழந்தையின் நலனுக்குக் கேடு என்றால் மட்டும்தான் விலக்கு. நான் அதுவரை 'என் உரிமை' என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

வேறு யோசனைகளும் உங்கள் காதில் விழும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிநாடு போய்விடு என்று என்னிடமே ஒரு உறவினர் சொன்னார். அதற்கென்றே 1980-ல் ஹேக் ஒப்பந்தம் வந்தது. அதில் சேர்ந்த நாடுகளுக்கிடையே 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை அப்படிக் கொண்டுபோனால், வழக்கமாக வசித்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி மற்றவர் மனு போடலாம். ஓராண்டுக்குள் போட்டுவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, திருப்பி அனுப்பியே ஆக வேண்டும். அந்த நேரத்தில் நான் அந்த உறவினர் பேச்சைக் கேட்டிருந்தால் மகளை ஒட்டுமொத்தமாக இழந்திருப்பேன்.

இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் விடுப்பு எடுக்க வேண்டியிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, நீதிபதி விடுப்பு, கோப்பு வரவில்லை என்று பாதி நாள் வராந்தா பெஞ்சில் போகும். அலுவலகத்தில் கல்யாணத்துக்கு விடுப்பு கேட்டவனுக்கு வாழ்த்து சொல்லி அனுப்பினார்கள், எனக்குச் சம்பளத்தைப் பிடித்தார்கள். "சொந்த விஷயத்தை வேலை நேரத்தில் கொண்டு வராதீர்கள்" என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் சொன்னார். வழக்கு முடிந்தும் அந்த மனிதர் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. சரி, அதை விடுங்கள்.

மேற்பார்வை பிறகு நீங்கியது. சூழ்நிலை மாறினால் உத்தரவை மாற்றச் சொல்லிக் கேட்கலாம், நாங்களும் சமரசத்துக்கு உட்கார்ந்து பேசி முடித்தோம். இப்போது வாரக் கடைசியில் என்னோடுதான் இருக்கிறாள். போன வருடம், 12 வயதில், வண்டியில் போகும்போது கேட்டாள்: "அன்னைக்கு நான் சரியாச் சொல்லலைன்னுதானேப்பா உன்னைப் பார்க்க விடல?" மூன்று வருடமாக அதை மனதில் வைத்திருந்திருக்கிறாள். வண்டியை ஓரமாக நிறுத்தி, நீ எந்தத் தப்பும் பண்ணலை, தப்பு பண்ணினது நான் என்று சொன்னேன். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது.

உங்கள் மகனிடம் இவ்வளவு மட்டும் சொல்லுங்கள்: ஒருவர் உன்னோடு பேசுவார், தெரிந்ததைச் சொல், தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல், நீ யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, என்ன சொன்னாலும் நாங்கள் இரண்டு பேரும் கோபப்பட மாட்டோம். முடிந்தால் இதை இருவரும் சேர்ந்தே சொல்லுங்கள். வெளியே வந்ததும் உள்ளே என்ன பேசினாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.