ஐப்பசி மழையில் கீரை: கேள்வி பதில்

கே: அக்கா, மழை ஆரம்பிச்சதுலேர்ந்து வாங்குற அரைக்கீரை மறுநாளே அழுகிடுது. ஃபிரிட்ஜில வச்சாலும் அப்படித்தான்.

ப: கட்டைப் பிரிக்காமல் வைப்பதால்தான். மழை நாளில் கட்டின் நடுவே தண்ணீர் தங்கியிருக்கும். நாரால் இறுக்கிய இடம்தான் முதலில் வழவழக்கும். வீட்டுக்கு வந்ததும் பிரித்து, கழுவாமல், துணியில் பரப்பி அரை மணி நேரம் ஃபேனுக்கு அடியில் ஆறவிடுங்கள். பழுத்த இலை, நசுங்கிய தண்டு ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. உலர்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி வைத்தால் 2, 3 நாள் தாங்கும். வாங்கும்போதே கட்டின் நடுவை முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை இருந்தால் வேண்டாம்.

கே: எத்தனை தடவை அலசினாலும் மண் நறநறன்னு கடிக்குதே?

ப: மழைத்துளி தெறித்து மண் இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிவிடுகிறது. அலசிய தண்ணீரோடு வடிதட்டில் கொட்டினால், அடியில் படிந்த மண் திரும்பவும் கீரை மேலேயே விழும். அகலமான பாத்திரத்தில் கீரை மிதக்கும் அளவு தண்ணீர் விட்டு அலசி, 5 நிமிடம் அசைக்காமல் விடுங்கள். பிறகு கீரையை மட்டும் மேலாக அள்ளுங்கள். பாத்திரத்தின் அடியை விரலால் தடவினால் மணல் நெருடாத வரை தண்ணீர் மாற்ற வேண்டும். நறுக்கிய பின் கழுவாதீர்கள். வைட்டமின் சி தண்ணீரோடு போய்விடும்.

கே: மசியல் கறுத்துப் போகுது, தண்ணியாவும் இருக்கு. சோடா உப்பு போடலாமா?

ப: வேண்டாம்மா. நிறம் நிற்கும், ஆனால் கீரை கூழாகும், சத்தும் குறையும். மூடி போட்டு வேகவைத்தால் கீரையிலிருந்து ஆவியாகும் புளிப்பு வெளியேறாமல் உள்ளேயே நின்று பச்சையைக் கெடுக்கிறது. மழைக்காலக் கீரையில் ஏற்கெனவே நீர் அதிகம். ஒரு பெரிய கட்டுக்குக் கால் டம்ளர் தண்ணீர் போதும். தண்ணீர் கொதித்த பிறகு 6 பல் பூண்டு, 2 பச்சை மிளகாய், அரை டீஸ்பூன் சீரகம், கீரை எல்லாம் போட்டு, திறந்தபடியே 6 முதல் 8 நிமிடம். உப்பு கடைசியில்தான்: மலைபோல் இருக்கும் கீரையைப் பார்த்துப் போட்டால், சுருங்கிய பின் கரிக்கும். கல்சட்டியில் மத்தால் கடைந்தால் இலை இலையாக மசியும், மிக்ஸியில் பசையாகிவிடும். புளி வேண்டுமென்றால் கடைந்த பிறகு விடுங்கள்.

கே: அப்பா ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறார். கீரையை அடியோட நிறுத்திடணுமா?

ப: நீங்களாக நிறுத்தாதீர்கள். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். கீரை நிறையக் கிடைக்கிறது என்று தினம் கொடுப்பதும், திடீரென நிறுத்துவதும் இரண்டுமே ஆபத்து. வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு இருக்கட்டும். அளவை மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) பார்த்து அவர் மாத்திரையைச் சரிசெய்வார்.

கே: மாடியில் போட்ட தண்டுக்கீரை முளைச்சு ஒரு வாரத்தில் சாய்ஞ்சிடுது அக்கா.

ப: ஒரு நாற்றைப் பிடுங்கிப் பாருங்கள் தம்பி. மண்ணை ஒட்டிய கழுத்து நூல்போல் மெலிந்து பழுப்பாக இருந்தால் அது நாற்றழுகல். ஈரம் வடியாத மண்ணில் பூஞ்சணம் செய்யும் வேலை. மண், மணல், மக்கிய தொழுவுரம் சம அளவு கலந்து, பையின் அடித் துளைகள் அடைக்காமல் பாருங்கள். நெருக்கம்தான் பெரிய தவறு: ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராம் விதையே அதிகம். ஒரு பிடி காய்ந்த மணலில் கலந்து தூவி, மெல்லிய மண்ணால் மூடுங்கள். முதல் 10 நாள் மேலே நிழல்வலை கட்டினால் மழை விதையை அடித்துக்கொண்டு போகாது. இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளம் வந்தால் வெள்ளைத்துரு. அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

கே: முருங்கைக்கீரை ஆய சுலப வழி?

ப: இரவு துணியில் சுற்றி வைத்து, காலையில் உதறினால் இலை தானே உதிரும். மழையில் ஒடித்த கொத்தை முதலில் நன்றாக உலர்த்திவிட்டுச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் காலையில் கறுத்திருக்கும்.