லாகைப் பார்த்தீர்களா? அலுவலக மெயில் சர்வர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுடையது பனியன் ஏற்றுமதி நிறுவனம். சொந்தமாக போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருளில் ஓடும் மெயில் சர்வர் வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை காலையிலிருந்து வெளிநாட்டு பையர்களுக்கு ஒரு மெயிலும் போகவில்லை. க்யூவில் (அனுப்பக் காத்திருக்கும் வரிசையில்) முப்பதாயிரத்துக்கும் மேல் நிற்கிறது. இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தும் பலனில்லை. க்யூவை மொத்தமாக அழித்துவிடலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: அழிக்காதீர்கள். அந்த முப்பதாயிரத்துக்குள்தான் உங்கள் மெர்ச்சண்டைசர் அனுப்பிய பேக்கிங் லிஸ்ட்டும் ஷிப்மெண்ட் தேதியும் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ரீஸ்டார்ட்டும் வேண்டாம். போஸ்ட்ஃபிக்ஸ் க்யூவை டிஸ்க்கில்தான் வைத்திருக்கிறது; எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து அதே குப்பையைத் தள்ளும்.

முதலில் க்யூவைப் பட்டியல் எடுத்து, அனுப்புநர் யார் என்று பாருங்கள். எல்லாமே உங்கள் ஊழியர் ஒருவரின் முகவரியாக இருந்தால் அவருடைய பாஸ்வேர்டு போய்விட்டது. 'மெயிலர் டீமன்' என்றே வரிசையாக இருந்தால் கதை வேறு: இல்லாத முகவரிகளுக்கு வந்த ஸ்பேமை வாங்கிவைத்துக்கொண்டு, திருப்பி அனுப்ப உங்கள் சர்வர் படாத பாடு படுகிறது. 'திங்கட்கிழமை காலை' என்று நீங்கள் எழுதியிருப்பதால் முதலாவதுதான் என்று நினைக்கிறேன். திருடர்களுக்கும் நம் ஊர் வார விடுமுறை தெரியும்.

அடுத்து மெயில் லாகை, அதாவது சர்வர் எழுதும் பதிவேட்டை, திறந்து 'சாஸ்ல் யூசர்நேம்' என்று வரும் வரிகளைத் தேடுங்கள். மெயில் அனுப்ப லாகின் செய்த ஒவ்வொருவர் பெயரும், எந்த ஐபியிலிருந்து (இணையத்தில் கணினிக்கான எண் முகவரி) வந்தார் என்பதும் ஒரே வரியில் இருக்கும். உங்கள் பக்கத்து டையிங் யூனிட் ஒன்றில் இதே கூத்து நடந்தபோது லாகில் நான் பார்த்தது: ஞாயிறு அதிகாலை 2.14-க்கு அக்கவுண்ட்ஸ் பெயரில் ஒரு லாகின். இரண்டு மூன்று நொடியில் அதே பெயரில் இன்னொன்று, வேறு ஐபி. அப்புறம் இன்னொன்று. விடியும்வரை அப்படியே பக்கம் பக்கமாக. அக்கவுண்ட்ஸ் அக்கா வீட்டில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். பாஸ்வேர்டு என்னவென்று கேட்டேன்: கம்பெனி பெயர், பின்னால் 123.

ஆளைக் கண்டுபிடித்ததும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அது மட்டும் போதாது, ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும் இணைப்பு அதனால் அறுந்துவிடாது. போஸ்ட்ஃபிக்ஸை ஒரு நிமிடம் நிறுத்தி எழுப்புவதற்கு இதுதான் சரியான நேரம். பிறகு அந்த ஒரு அனுப்புநரின் மெயில்களை மட்டும் க்யூவிலிருந்து நீக்குங்கள். எது நல்லது, எது கெட்டது என்று சந்தேகமானால் 'ஹோல்டு' போட்டு நிறுத்திவைக்கலாம், அவை எங்கும் போகாது.

பையர்களுக்குப் போகாததற்குக் காரணம், உங்கள் ஐபி இந்நேரம் ஸ்பாம்ஹாஸ் போன்ற கறுப்புப் பட்டியல்களில் ஏறியிருக்கும். லாகில் மறுப்பு வரியிலேயே எந்தப் பட்டியல் என்று எழுதியிருக்கும். ஓட்டையை அடைத்த பிறகே பெயரை நீக்கச் சொல்லி விண்ணப்பியுங்கள். அடைக்காமல் விண்ணப்பித்து, மறுபடி பட்டியலில் ஏறினால் அடுத்த முறை உங்கள் பேச்சு எடுபடாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. ஸ்பேம் அனுப்பியவன் முட்டாள், சத்தம் போட்டு மாட்டிக்கொண்டான். அதே பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு இன்னொருவன் சத்தமில்லாமல் இன்வாய்ஸ்களைப் படித்துக்கொண்டிருந்தால்? அந்தக் கணக்கில் யாராவது தானாக ஃபார்வர்டு ஆகும்படி விதி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 'எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது' என்று உங்கள் பெயரில் பையருக்கு மெயில் போயிருந்தால், பணம் வேறெங்கோ போய்ச் சேரும். பையர்களை இன்றே போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பணம் போய்விட்டது தெரிந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

ஒரு சின்ன அமைப்பும் மாற்றுங்கள். போக முடியாத மெயிலை போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாள் வைத்திருந்து முயன்றுவிட்டுத்தான் அனுப்பியவரிடம் திருப்பும். 'தாமதமாகிறது' என்ற எச்சரிக்கை, நாமாகப் போட்டால் ஒழிய வராது. அதை 4 மணி நேரத்துக்கு வையுங்கள். இல்லாவிட்டால் திங்கள் அனுப்பிய கொட்டேஷன் போகவில்லை என்பது சனிக்கிழமைதான் தெரியும்.

கேள்வி: புதிய சப்ளையர் ஒருவர் அனுப்பும் மெயில் இருபது நிமிடம் கழித்து வருகிறது. மேனேஜர் திட்டுகிறார். (சென்னை வாசகி)

பதில்: முதல் மெயிலுக்கு மட்டுமா? அப்படியென்றால் உங்கள் சர்வரில் கிரேலிஸ்டிங் இருக்கிறது. அறிமுகமில்லாதவர் வந்தால் 450 என்று சொல்லி 'அப்புறம் வா' என்று அனுப்பிவிடும். ஒழுங்கான சர்வர் திரும்பி வரும், ஸ்பேம் அனுப்பும் புரோகிராம்களில் பல வராது. 4-ல் தொடங்கும் எண் தற்காலிக மறுப்பு, 5-ல் தொடங்குவது நிரந்தர மறுப்பு. ஓ.டி.பி. வரவேண்டிய முகவரிகளுக்காவது இதை நீக்கிவிடுங்கள். மேனேஜருக்கு ஒரு வரி: மெயில் உடனே போய்ச் சேரும் என்று எந்த விதியும் உறுதி சொல்லவில்லை.

கேள்வி: எங்கள் ரப்பர் கம்பெனியின் மெயில் பகுதி 20 ஜிபி. அதில் 9 ஜிபி காலியாக இருக்கிறது. ஆனாலும் 'இடமில்லை' என்று மெயில் வாங்க மறுக்கிறது. பழைய லாக்குகளை எல்லாம் அழித்தும் சரியாகவில்லை. (மதுரை வாசகர்)

பதில்: டிஸ்க் இடத்தைக் காட்டும் டி.எஃப். கட்டளையை 'ஹெச்' சேர்த்துப் பார்த்திருப்பீர்கள். 'ஐ' சேர்த்துப் பாருங்கள். ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு இடம்) 100 சதவீதம் என்று காட்டும், பந்தயம்.

மெயில்டிர் முறையில் ஒரு மெயில் ஒரு கோப்பு. இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமையில் எத்தனை கோப்பு வைக்கலாம் என்பது பகுதியை உருவாக்கும் அன்றே முடிவாகிவிடும். வழக்கமான கணக்கு 16 கேபிக்கு ஒன்று. 20 ஜிபிக்கு சுமார் 13 லட்சம். இவ்வளவு மெயில் யாருக்கு வரும் என்கிறீர்களா? ரூட் (சர்வரின் தலைமை நிர்வாகி) கணக்கின் பெட்டியைத் திறந்து பாருங்கள். யாரோ எப்போதோ நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடும் கிரான் வேலை ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அது ஒவ்வொரு முறையும் 'முடிந்தது' என்று ரூட்டுக்கு மெயில் போடும். நாளைக்கு 1,440, வருடத்துக்கு ஐந்து லட்சத்துக்கு மேல். இரண்டரை வருடத்தில் கணக்கு சரியாகிவிடும்.

அந்த ஃபோல்டரில் நட்சத்திரக் குறி போட்டு, அழிக்கும் ஆர்.எம். கட்டளையைக் கொடுத்தால் 'பட்டியல் ரொம்ப நீளம்' என்று கைவிரிக்கும். ஃபைண்டு கட்டளையில் 'டெலீட்' சேர்த்து அழியுங்கள், நேரமெடுக்கும், டீ குடித்துவிட்டு வரலாம். கிரான் வேலையின் வெளியீட்டை நிறுத்துங்கள், இல்லையென்றால் மறுபடி இதே கேள்வியோடு வருவீர்கள். அடுத்த முறை எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை போடுங்கள், அதில் ஐநோடு தேவைக்கேற்ப உருவாகும்.

லாகை அழித்தீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவுப்படி கம்பெனிகள் 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும். டெபியன் லினக்ஸில் எதையும் மாற்றாமல் விட்டால் லாக் கோப்புகள் பொதுவாக நான்கு வாரம்தான் நிற்கும். அதை நீட்டிவையுங்கள். லாக் சுருக்கினால் கொஞ்சம்தான் இடம் பிடிக்கும்.

கேள்வி: பம்ப்செட் தயாரிக்கிறோம். ஜிமெயில் வைத்திருக்கும் டீலர்களுக்கு அனுப்பினால் 550, 5.7.26 என்று திரும்புகிறது. எஸ்.பி.எஃப். (எங்கள் பெயரில் எந்த சர்வர் அனுப்பலாம் என்ற பட்டியல்) போட்டிருக்கிறோம். டிகிம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) எல்லாம் அவசியமா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: அந்த எண்ணுக்கு அர்த்தம், 'இது உங்கள் டொமைன்தான் அனுப்பியது என்று நிரூபிக்கவில்லை'. எஸ்.பி.எஃப். போட்டும் இப்படி வந்தால், எத்தனை போட்டிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. சம்பள சாஃப்ட்வேர்காரர் ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டு தருவார், மார்க்கெட்டிங் ஏஜென்சி இன்னொன்று தருவார், டிஎன்எஸ் (டொமைன் பெயர்களின் இணைய விவரப் பட்டியல்) பார்ப்பவர் இரண்டையும் அப்படியே ஒட்டிவிடுவார். ஒரே குடும்பத்துக்கு இரண்டு ரேஷன் கார்டு வைத்திருப்பது போலத்தான், இரண்டும் செல்லாது. ஒன்றாகச் சேர்த்து எழுதுங்கள். சேர்க்கும்போது இன்னொரு வரம்பு: அந்த ஒரு ரெக்கார்டைப் படிக்க 10 முறைக்கு மேல் டிஎன்எஸ் தேட நேர்ந்தாலும் அது செல்லாது. ஏஜென்சி சொன்ன 'இன்க்ளூடு' (வேறொருவர் பட்டியலையும் சேர்த்துக்கொள் என்ற குறிப்பு) ஒவ்வொன்றுக்குள்ளும் நாலைந்து ஒளிந்திருக்கும். மூன்று வருடம் முன்பு விட்டுவிட்ட ஏஜென்சியின் பெயரை எடுத்துவிடுங்கள்.

டிகிம் அவசியமா என்றால், ஆமாம். உங்கள் டீலர் தன் கடை முகவரிக்கு வருவதை ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்திருந்தால் எஸ்.பி.எஃப். அங்கேயே உடைந்துவிடும், ஏனென்றால் ஜிமெயிலுக்குத் தெரிவது ஃபார்வர்டு செய்த சர்வரின் ஐபி. டிகிம் கையெழுத்து மெயிலோடு போகும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் பிடியை இறுக்கிவிட்டன. ஜிமெயிலுக்கு நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்பினால் மூன்றும் வேண்டும். குறைவாக அனுப்பினாலும் எஸ்.பி.எஃப். அல்லது டிகிம் ஒன்றாவது தேற வேண்டும், ஐபிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் (எண்ணிலிருந்து பெயரைக் காட்டும் பதிவு) இருக்க வேண்டும். ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸை டொமைன் விற்றவர் போட முடியாது, இணைய இணைப்புக் கொடுத்தவர்தான் போட வேண்டும். அவர்களிடம் போனில் கேட்டால் 'ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்பார்கள். எழுத்தில் கேளுங்கள், மேலதிகாரியிடம் கேளுங்கள்.

டிமார்க்கை எடுத்த எடுப்பில் 'ரிஜெக்ட்' என்று போடாதீர்கள். 'நன்' (none, எதுவும் செய்யாதே) என்று வைத்து சில வாரம் அறிக்கை வாங்குங்கள். உங்கள் பெயரில் யார் யார் மெயில் அனுப்புகிறார்கள் என்று அப்போது தெரியும். சர்வீஸ் டிபார்ட்மெண்ட் தனியாக ஏதோ ஒரு சேவை வாங்கி வைத்திருப்பதும் அதில்தான் வெளியே வரும்.

கேள்வி: எம்.டி. 100 எம்பி டிராயிங் ஃபைலை மெயிலில் அனுப்ப வேண்டும் என்கிறார். லிமிட்டை ஏற்றலாமா? (ராணிப்பேட்டை வாசகர்)

பதில்: ஏற்றலாம், உங்கள் வாசல்வரை வரும். எதிர்முனையில் பெரும்பாலும் 25 எம்பி அளவுதான் வாங்குவார்கள். மெயிலில் போகும் ஃபைல் பேஸ்64 என்ற எழுத்து வடிவத்துக்கு மாறுவதால் மூன்றில் ஒரு பங்கு வீங்கிவிடும்; 20 எம்பி ஃபைல் வழியில் 27. லிங்க் அனுப்பப் பழக்குங்கள்.

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் இன்னும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் 2016 மெயில் சர்வர் ஓடுகிறது. நன்றாகத்தானே ஓடுகிறது, ஏன் மாற்ற வேண்டும்? (ஓசூர் வாசகர்)

பதில்: 2021 டிசம்பர் 31 வரைக்கும்கூட நன்றாகத்தான் ஓடியது. மறுநாள் புத்தாண்டு, உலகம் முழுக்க எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 சர்வர்களில் மெயில் க்யூவிலேயே நின்றுவிட்டது. வைரஸ் பார்க்கும் எஞ்சினின் அப்டேட் எண்ணில் வருடம், மாதம், தேதியைச் சேர்த்து எழுதுவார்கள். அன்றைய எண் 2201010001. அதை வைக்க ஒதுக்கியிருந்த 32 பிட் இடத்தில் 2147483647-க்கு மேல் கொள்ளாது. ஈவென்ட் லாகில் அந்த எண்ணையே போட்டு 'மாற்ற முடியவில்லை' என்று எழுதியிருந்தது, பார்த்தவர்கள் பிழைத்தார்கள். மைக்ரோசாஃப்ட் தந்த தீர்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும்: அடுத்த அப்டேட்டுக்கு 2112330001 என்று எண் போட்டார்கள். அதாவது, 2021 டிசம்பர் 33-ம் தேதி!

அன்றைக்குத் திருத்திக் கொடுக்க ஆள் இருந்தது. 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. இனி ஒரு ஓட்டை வெளிவந்தால், அது உங்களுக்குத் தெரியும் அன்றே திருடனுக்கும் தெரியும். 2016-ஐ அப்படியே மேலேற்ற முடியாது. புது சர்வரில் புதுப் பதிப்பை நிறுவி மெயில்பாக்ஸ்களை நகர்த்த வேண்டும். அந்த வேலைக்கு முன் ஒரு கேள்வி: சர்வரைப் பார்ப்பவர்தான் சிசிடிவியும் பிரிண்டரும் பஞ்சிங் மெஷினும் பார்க்கிறாரா? அப்படியென்றால் மெயிலை வெளியே கொடுத்துவிடுங்கள். சொந்த சர்வர்தான் கெளரவம் என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

கேள்வி: தமிழிலேயே மின்னஞ்சல் முகவரி வைக்க முடியுமா? (யாழ்ப்பாணம் வாசகி)

பதில்: முடியும். இதற்கான விதி 2012-லேயே வந்துவிட்டது, போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 2015-லிருந்து ஏற்கிறது, ஜிமெயில் 2014-லிருந்தே இப்படிப்பட்ட முகவரிகளோடு மெயில் பரிமாறும். உங்களுக்கு .இலங்கை, எங்களுக்கு .இந்தியா என்று டொமைனும் இருக்கிறது. தொல்லை எங்கே என்றால், வழியில் ஒரு பழைய சர்வர் இருந்தாலும் மெயில் திரும்பிவிடும். வங்கிப் படிவமும் கடைப் படிவமும் 'முகவரி தவறு' என்று சிவப்பில் காட்டும். ஆங்கில எழுத்தில் ஒரு மாற்று முகவரியை அதே பெட்டிக்குச் சேர்த்து வையுங்கள். தமிழ் முகவரியை விசிட்டிங் கார்டில் போடுங்கள், எழுதுபவர்கள் எழுதட்டும்.

கேள்வி: பொங்கல் வாழ்த்துக்கு ஒருவர் 'ரிப்ளை ஆல்' போட, எல்லாரும் போட, சர்வர் ஒரு மணி நேரம் திணறியது. தடுக்க வழி? (சேலம் வாசகர்)

பதில்: நீங்களாவது பரவாயில்லை. 2016 நவம்பரில் பிரிட்டன் பொது சுகாதாரத் துறையில் ஒரு சோதனை மெயில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குப் போய்விட்டது. 'என்னைப் பட்டியலிலிருந்து எடுங்கள்' என்று பலர் எல்லாருக்கும் பதில் போட்டார்கள். 'எல்லாருக்கும் போடாதீர்கள்' என்று வேறு சிலர் எல்லாருக்கும் போட்டார்கள்.

'அனைத்து ஊழியர்' பட்டியலுக்கு அனுப்பும் உரிமையை எச்.ஆரில் ஒருவருக்கும் ஐ.டி.யில் ஒருவருக்கும் மட்டும் கொடுங்கள். எம்.டி. முகவரியை மறந்துவிடாதீர்கள். அவருடைய தீபாவளி வாழ்த்து அவருக்கே திரும்பிப் போனால், அந்தக் கேள்விக்கு இந்தப் பகுதியில் பதில் கிடையாது.