கையால் செய்த கிட்டார் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

நான்கு வருடமாக கிளாசிக்கல் கிட்டார் கற்று வருகிறேன். என்னிடம் இருப்பது சாதாரண தொழிற்சாலைத் தயாரிப்பு. சென்ற வாரம் ஓர் இசைக்கருவிக் கடையில், தனி அறையில் வைத்திருந்த கையால் செய்த கிட்டார் ஒன்றை வாசித்துப் பார்க்கக் கொடுத்தார்கள். கை நடுங்கியது. நன்றாகப் பழகிய பாடத்தையே தப்பும் தவறுமாக வாசித்தேன். சத்தமும் என் கிட்டாரைவிடச் சின்னதாக இருந்ததுபோல் பட்டது. என் விரல் பிழைகள் மட்டும் பெரிதாகக் கேட்டன. பத்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

எனக்கு இரண்டு சந்தேகங்கள். கையால் செய்தது என்பதில் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா, அல்லது பெயருக்கும் விலைக்கும் மயங்குகிறோமா? இன்னொன்று, வாங்கும் எண்ணமே இல்லாத, அரைகுறையாக வாசிக்கிற ஒருவன் அப்படிப்பட்ட கருவியைத் தொடலாமா?

அன்புடன்,
க.

*

அன்புள்ள க.,

சத்தம் சின்னது, பிழை பெரியது என்கிறீர்கள். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கிட்டாரில் தந்தி தானாகப் பெரிய சத்தம் எதையும் எழுப்புவதில்லை. அதன் அதிர்வு, தந்திகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் என்ற மரத்துண்டு வழியாக மேல்பலகைக்குப் போகிறது. காற்றை அசைப்பது அந்தப் பலகைதான். நல்ல கிளாசிக்கல் கிட்டாரில் அது பெரும்பாலும் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். தந்திகள் இழுக்கும் இழுப்போ ஆறும் சேர்ந்து ஏறக்குறைய நாற்பது கிலோ. அந்த இழுப்பைத் தாங்கவும் வேண்டும், லேசான தொடுதலுக்கு அசையவும் வேண்டும். தொழிற்சாலையில் எல்லாப் பலகையையும் ஒரே அளவுக்கு அறுக்கிறார்கள். எதுவும் வளைந்து ரிப்பேருக்குத் திரும்பி வரக்கூடாது என்பதால் கொஞ்சம் தடிமனாகவே விட்டுவிடுகிறார்கள். விலை குறைந்தவற்றில் அது பெரும்பாலும் ஒட்டுப்பலகை. கையால் செய்பவர் கையில் இருக்கும் அந்த ஒரு பலகையைத் தட்டிப் பார்க்கிறார், வளைத்துப் பார்க்கிறார், விறைப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் இழைக்கிறார். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒரே மாதிரி வளைவதில்லை. கைவேலை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். மற்றபடி ஒலித்துளையைச் சுற்றியிருக்கும் சித்திர வேலைப்பாடு கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான்.

அப்படி இழைத்த பலகை சின்ன விசைக்கும் அசையும். நகம் தந்தியில் உரசுவது, இடது விரல் ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) சற்றுத் தள்ளி அரைகுறையாக அழுத்துவது, கட்டைவிரல் மற்ற விரல்களைவிட ஓங்கி விழுவது என்று எல்லாமே வெளியே வரும். உங்கள் பழைய கிட்டார் இவற்றையெல்லாம் பெருந்தன்மையாக மறைத்து வந்திருக்கிறது. கை நடுங்கிக்கொண்டு மெதுவாக மீட்டியிருப்பீர்கள். கருவியும் மெதுவாகவே பதில் சொல்லியிருக்கிறது. கிட்டாரின் ஒலி முன்னால் போகிறது, வாசிப்பவரின் காதோ பின்னால் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தந்தி எத்தனை மாதமாக அதில் கிடக்கிறது என்று கேட்டீர்களா? கடையில் பலர் கைபட்டுச் செத்துப்போன தந்தியோடு எவ்வளவு நல்ல கிட்டாரும் மந்தமாகத்தான் ஒலிக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும், அந்தக் கிட்டாரே சுமாரானதாக இருக்கலாம். கையால் செய்தது என்பது செய்த முறையைச் சொல்கிறது, தரத்துக்கு அது உத்தரவாதம் இல்லை.

மயங்குகிறோமா என்றால், ஆம், நன்றாகவே மயங்குகிறோம். இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் வடிவத்துக்குப் பெரும்பாலும் காரணமானவர் ஸ்பெயின்காரரான அந்தோனியோ டி டோரஸ். மேல்பலகைக்கு அடியில் விசிறிபோல் விரியும் மெல்லிய சட்டங்களை ஒட்டும் முறையைச் செம்மைப்படுத்தியவர் அவர். ஒலியின் உயிர் மேல்பலகையில்தான் என்று காட்டுவதற்காக 1862-இல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையில் செய்து ஒரு கிட்டாரைக் கட்டினார். பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் அது இன்றும் இருக்கிறது. அதன் பிறகும் ஒன்றரை நூற்றாண்டாக நாம் முதுகுப்பலகை பிரேசில் ரோஸ்வுட்டா, இந்திய ரோஸ்வுட்டா என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பிரிட்டனில் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் சண்டையைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். முதுகுக்கும் பக்கங்களுக்கும் மட்டும் வெவ்வேறு மரம் போட்டு, மற்றதெல்லாம் முடிந்தவரை ஒன்றாக வைத்து ஆறு ஸ்டீல் தந்தி கிட்டார்களைச் செய்ய வைத்தார்கள். எந்த மரம் என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதபடி 52 கிட்டார் கலைஞர்களிடம் கொடுத்தார்கள். ஒலிக்கு அவர்கள் போட்ட மதிப்பெண்களில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. இதன் முடிவு 2018-இல் வெளிவந்தது. வயலினில் நடந்தது இன்னும் பெரிய கூத்து. 2010-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஒரு ஹோட்டல் அறையில், 21 வயலின் கலைஞர்களுக்கு வெல்டிங் கண்ணாடி மாதிரி ஒன்றை மாட்டிவிட்டு, பழைய மர வாசனையில் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று மோவாய்த் தாங்கியில் வாசனைத் திரவியம் தடவி, இத்தாலியின் புகழ்பெற்ற பழைய கைவினைஞர்களான ஸ்ட்ராடிவாரியும் குவார்னேரியும் செய்த மூன்று பழைய வயலின்களையும் மூன்று புதியவற்றையும் கொடுத்தார்கள். அதிகம் பேருக்குப் பிடித்தது ஒரு புதிய வயலின். கடைசி இடம் ஒரு ஸ்ட்ராடிவாரிக்கு.

இதைப் படித்துவிட்டு 'எல்லாம் ஒன்றுதான்' என்று கிளம்புகிறவர்களை எனக்குத் தெரியும். சோதனை அப்படிச் சொல்லவில்லை. அந்த 21 பேருக்கும் விருப்பு வெறுப்பு பலமாகவே இருந்தது. ஆனால் அது பழையது, புதியது என்ற கோட்டில் பிரியவில்லை. இந்தக் கருவிக்கும் அந்தக் கருவிக்கும் நடுவே பிரிந்தது. ஆகவே கைவேலையா தொழிற்சாலையா என்ற கேள்வியை விடுங்கள். கடையில் உங்கள் மடியில் இருக்கும் அந்த ஒரு கிட்டாரைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

அதற்கு நீங்கள் பழகிய பாடம் உதவாது. பாடத்தை வாசித்தால் உங்கள் கவனம் விரல்களின் மேலேயே இருக்கும். கடைகளில் இரண்டு வேகமான ஓட்டங்களை வாசித்துக் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்க வைப்பவர்கள் உண்டே, அவர்களும் கருவியைக் கேட்பதில்லை. ஒற்றை ஸ்வரம் போதும். தடித்த ஆறாம் தந்தியைத் திறந்து, அதாவது எங்கும் அழுத்தாமல் மீட்டி, அப்புறம் ஒவ்வொரு ஃப்ரெட்டாக மெதுவாக ஏறுங்கள். ஒவ்வொரு ஒலியும் தானாக அடங்கும்வரை காத்திருங்கள். முதல் நான்கைந்து ஃப்ரெட்டுக்குள் எங்கேயாவது ஓர் ஒலி மற்றவற்றைவிடப் பொம்மென்று வீங்கிச் சட்டென்று அடங்கலாம். உடலுக்குள் இருக்கும் காற்றுக்கென்று ஓர் அதிர்வெண் உண்டு. அது பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் விழும். லேசாக வீங்கினால் பரவாயில்லை, எல்லாக் கிட்டாரிலும் இருப்பதுதான். பக்கத்து ஸ்வரத்தை விழுங்குகிற அளவுக்கு இருந்தால் யோசியுங்கள். மெல்லிய முதல் தந்தியில் ஐந்தாவது ஃப்ரெட்டிலிருந்து மேலே போகும்போது இதற்கு நேர்மாறாகச் சில ஸ்வரங்கள் தொட்டவுடன் செத்துவிடும். சுமாரான கிட்டார் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

பிறகு இதைச் செய்து பாருங்கள். முதல் தந்தியைத் திறந்து மீட்டுங்கள். அதே ஸ்வரம் இரண்டாம் தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டிலும் மூன்றாம் தந்தியின் ஒன்பதாம் ஃப்ரெட்டிலும் இருக்கிறது. மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணை மூடிக்கொண்டு. முதலாவது பளிச்சென்றும் மூன்றாவது கொஞ்சம் கனத்தும் இருக்கும், இருக்கவும் வேண்டும். மூன்றும் ஒரே தொண்டையிலிருந்து வருவதாகத் தோன்றுகிறதா என்பதுதான் கேள்வி. மூன்றாம் நைலான் தந்தி தடிமனானது, இயல்பிலேயே சற்று மங்கல். அதற்காகச் செய்தவரைத் திட்டாதீர்கள். கடைசியாக ஏதாவது ஒரு ஸ்வரத்தை, கேட்டும் கேட்காத அளவில் தொடங்கி, கை எவ்வளவு தருமோ அவ்வளவு ஓங்கி மீட்டுவதுவரை படிப்படியாக ஏற்றுங்கள். பெரும்பாலான கிட்டார்கள் பாதி வழியிலேயே நின்றுவிடும். அதற்கு மேல் அடித்தால் தடதடப்புதான் வரும், ஒலி வளராது. நல்ல கிட்டார் இன்னும் கொஞ்சம் இடம் வைத்திருக்கும். நீங்கள் சின்னதென்று நினைத்த சத்தத்துக்கு விடை இந்த இடத்தில்தான் கிடைக்கும்.

சுருதி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஈ மேஜர் கார்டைப் பிடித்துவிட்டு 'சுருதி சேரவில்லை' என்று கிட்டாரைக் கீழே வைத்துவிடாதீர்கள். அடுத்தடுத்த ஸ்வரங்களுக்கு இடையே சுருதி வித்தியாசம் சமமாக இருக்கும் முறையில் ஃப்ரெட்டுகள் பதிக்கப்பட்டவை. அந்த முறையில் காந்தாரம் இயற்கையான இடத்தைவிட 14 சென்ட், அதாவது ஓர் அரை ஸ்வரத்தின் நூறில் 14 பங்கு, கூடுதலாகத்தான் நிற்கும். கூர்மையான காது அதைப் பிழையென்று நினைக்கும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டிய ஒலியும், அதே இடத்தில் விரலை லேசாக வைத்து எடுக்கும் ஹார்மோனிக்கும் ஒத்துப்போகின்றனவா என்று ட்யூனரில் பார்த்தால் போதும். தந்தி உயரமாக இருந்து விரல் வலித்தாலும் நிராகரிக்க வேண்டாம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் மெல்லிய பக்கம் மூன்று, தடித்த பக்கம் நான்கு மில்லிமீட்டர் என்பது வழக்கமான அளவு. அதைவிட உயர்ந்திருந்தால் பிரிட்ஜில் இருக்கும் எலும்புத் துண்டைத் தேய்த்துச் சரிசெய்யலாம். நண்பர் யாராவது கூட வந்தால் அவரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் அறையின் மறுகோடியில் போய் நில்லுங்கள். தனியாகப் போனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசியுங்கள், முன்னால் போகும் ஒலி திரும்பி வரும்.

தொடலாமா என்று கேட்டதற்கு: தாராளமாக. வாங்க வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். உங்களைவிட மோசமாக வாசித்தவர்களைக் கடைக்காரர் தினமும் கேட்கிறார். அவர் கவலைப்படுவது வாசிப்பைப் பற்றி அல்ல, உங்கள் பெல்ட் பக்கிளைப் பற்றி. இந்த ரகக் கிட்டார்களில் பலவற்றுக்குப் பிரெஞ்ச் பாலிஷ் போட்டிருப்பார்கள். அரக்கைச் சாராயத்தில் கரைத்து, துணிப்பொட்டலத்தால் மெல்லிய பூச்சுகளாக நாள்கணக்கில் தேய்த்து ஏற்றுவது அது. பக்கிளோ சட்டைப் பொத்தானோ ஒருமுறை உரசினால் போதும், கோடு விழுந்துவிடும். வலது முழங்கை வியர்வைகூட அதை மங்க வைக்கும். ஆகவே பக்கிள், கைக்கடிகாரம், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, முழங்கை படும் இடத்தில் ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் நாற்காலியில் சாய்த்து வைக்காமல் கையிலிருந்து கைக்குக் கொடுங்கள். இதையெல்லாம் செய்கிறவரைப் பார்த்தால், அடுத்த அறையில் இருப்பதையும் கடைக்காரரே எடுத்துக் காட்டுவார்.

அடுத்த முறை போகும்போது உங்கள் கிட்டாரையும் எடுத்துப் போங்கள். வீட்டில் கேட்டதை நினைவில் வைத்துக் கடையில் கேட்பதை எடைபோட முடியாது. அதே அறையில், அதே நாற்காலியில், இரண்டையும் மாற்றி மாற்றி மீட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே நுழையும்போதே பெட்டியைத் திறந்து காட்டிவிடுங்கள். வெளியே வரும்போது விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பது சங்கடம்.